கொடைக்கு எப்ப வாரே?

போன வருஷம் ஆடி மாசம் ஊர்க்கொடைக்குப் போக லீவு போட்டேன். எங்க ஆபீஸ்ல லீவு எல்லாம் ஆன்லைன்ல தான், காரணம்னு ஒரு கட்டம் வரும், அதைத் தொட்டா பட்டியல் விழும், உடம்பு சரியில்ல, சொந்த வேலை, கல்யாணம், ஃபெஸ்டிவல்னு. ஃபெஸ்டிவலைத் தொட்டேன், உடனே இன்னொரு பட்டியல். தீபாவளி, பொங்கல், ஈத், கிறிஸ்துமஸ், ஓணம், ஹோலி... அவ்ளோதான். கொடைன்னு ஒண்ணு அதுல இல்ல. இருக்கும்னு நான் நெனைக்கவும் இல்ல, ஆனாலும் இல்லன்னு பார்த்தப்ப மனசு சுருக்குன்னுச்சு. கடைசியில "சொந்த வேலை"யைத் தொட்டுட்டு கீழ "வில்லேஜ் டெம்பிள் ஃபெஸ்டிவல்"னு டைப் பண்ணி அனுப்பினேன். டீம் லீட் புனேக்காரர், நல்ல மனுஷன், போன் போட்டு ஆசையா கேட்டார், அந்த ஃபெஸ்டிவலுக்குப் பேர் என்னன்னு. கொடைன்னேன். அப்படின்னா? குடுக்குறதுன்னு அர்த்தம்னேன். யார் யாருக்குக் குடுக்குறாங்க? அதுக்கு எனக்குச் சட்டுன்னு பதில் வரல.

நாப்பது வயசு தாண்டியாச்சு, பொறந்ததுல இருந்து வருஷா வருஷம் காதுல விழுந்த சொல்லு, அதுக்கு அர்த்தம் கேட்டா வாயடைச்சுப் போச்சேன்னு ரொம்ப வருத்தம். அந்த வாரம் பூரா இதே நெனைப்பு. பாத்திரம் கழுவுறப்ப, பஸ்ல போறப்ப, தூக்கம் பிடிக்காம புரளுறப்ப, திருவிழாவுக்கு நம்மகிட்ட எத்தனை சொல்லு இருக்குன்னு எண்ணிக்கிட்டே இருந்தேன். அப்ப போன்ல குறிச்சு வச்சதையும் அதுக்கப்புறம் தேடிப் படிச்சதையும் சேர்த்து தான் இதை எழுதுறேன். நீளமா தான் போகும், பொறுமையா படிங்க.

ஒண்ணு கவனிச்சிருக்கீங்களா, தமிழ்ல நாம இந்தச் சொல்லுங்களை மாத்திப் போட்டுப் பேசுறதே இல்ல. தீபாவளிப் பண்டிகைன்னு தான் சொல்வோம், தீபாவளித் திருவிழான்னு யார் வாயிலயும் வராது. தேருக்குத் திருவிழா தான், தேர்ப் பண்டிகை கிடையாது. வீட்டுக்குள்ள எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சு சாமி கும்பிட்டா பண்டிகை, சாமியே வீதிக்கு வந்துட்டா திருவிழா, மேடை போட்டு சால்வை போத்தினா வெறும் விழா. ரம்ஜானும் பக்ரீத்தும் பெருநாள். கொங்கு நாட்டுப் பக்கம் போனா நோம்பி, தீவாளி கூட அங்க தீவாளி நோம்பி தான், நோன்புங்கிற சொல்லு தேய்ஞ்சு வந்தது. அங்க மாரியம்மன் கோயில்ல பூச்சாட்டி, கம்பம் நட்டு, காப்புக் கட்டிட்டாங்கன்னா பல ஊர்ல ஒரு கட்டுப்பாடு உண்டு, வேலையா வெளியூர் போனாலும் ராத்திரி தங்காம வீடு வந்து சேர்ந்துடணும். சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் எடுப்புன்னு வரும், புரவியெடுப்பு, மதுவெடுப்புன்னு. எங்க பக்கம், திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரியில, சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் முத்தாரம்மனுக்கும் நடக்கிறது கொடை. அதே ஊர்ல நெல்லையப்பருக்கு ஆனி மாசம் தேர் ஓடுறது திருவிழா, அதைக் கொடைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. சொல்லு மாறினா சாமியும் மாறுது, கும்பிடுற கூட்டமும் மாறுது.

பண்டிகை தெலுங்குப் பண்டுகவோட சொந்தக்காரச் சொல்லு. தெலுங்குல பண்டுன்னா பழம், பண்ட்டன்னா விளைச்சல், பக்கத்துல பக்கத்துல தான் நிக்குது எல்லாம். கன்னடக்காரங்க ஹப்பன்னு சொல்றது வேற வழியில வந்தது, சமஸ்கிருதத்துல பர்வம்னு இருக்கிறது தேய்ஞ்சு ஹப்ப ஆச்சு. பர்வம்னா கணு. மூங்கில்ல இருக்கே, கரும்புல இருக்கே, அந்தக் கணு. அமாவாசை பௌர்ணமி மாதிரி காலம் மடங்குற இடத்துக்கும் அதே பேரு. எனக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. எங்க தாத்தா கொஞ்சம் கரும்பு போட்டிருந்தார், கரணை வெட்டுறப்ப பக்கத்துல உக்காந்து பார்த்திருக்கேன், கணுவுல இருக்கிற பரு நசுங்கிடக் கூடாதுன்னு அவ்ளோ பதமா வெட்டுவார், மண்ணுல புதைச்சா முளை அந்தக் கணுவுல இருந்து தான் கிளம்பும். நீளமா வழவழன்னு இருக்கே நடுத்தண்டு, சாறெல்லாம் அதுல தான், ஆனா அதுல இருந்து ஒரு முளையும் வராது. வருஷத்தை ஒரு கரும்பா நெனைச்சு அதுல இந்த நாளைக் கணுன்னு சொன்னவன் வயல்ல நின்னு பார்த்தவனா தான் இருக்கணும்.

இங்கிலீஷ் ஃபெஸ்டிவலுக்கு வேர் லத்தீன்ல இருக்கு. ஃபெஸ்டும்னா விருந்தும் கொண்டாட்டமும் உள்ள நாள், அதுல இருந்து கிளை பிரிஞ்சு ஸ்பானிஷ்ல ஃபியஸ்டா, ஜெர்மன்ல ஃபெஸ்ட், இங்கிலீஷ்ல ஃபீஸ்ட். ஃபெஸ்டிவல் பழைய பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்கு வந்தப்ப தனியா நிக்கல, ஃபெஸ்டிவல் நாள், ஃபெஸ்டிவல் உடுப்புங்கிற மாதிரி இன்னொரு சொல்லுக்கு முன்னால ஒட்டிக்கிட்டுத் தான் இருந்துச்சு, 16ஆம் நூற்றாண்டு கடைசியில தான் அதுவே ஒரு பேரா நின்னுச்சு. ரோமர்கள்கிட்ட ஃபேரியேன்னு இன்னொரு சொல்லும் உண்டு, வேலை செய்யாம சாமிக்குன்னு விட்ட நாள். அந்த நாள்ல கூட்டம் கூடும், கூட்டம் கூடினா கடை வரும், அப்படியே போய் அது இங்கிலீஷ்ல ஃபேர், அதாவது சந்தை ஆயிடுச்சு. போர்ச்சுகீஸ்ல இன்னும் ஒரு படி மேல, திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் வேலை நாளுங்க பேரெல்லாம் ஃபெய்ரான்னு தான் முடியுது. சாமிக்குன்னு ஒதுக்கின நாளோட பேரு கடைசியில வேலை நாளுக்குப் போய் ஒட்டிக்கிச்சு. ஆடித் தள்ளுபடி போர்டைப் பார்க்கிறப்ப எல்லாம் எனக்கு இது ஞாபகம் வருது, எங்க ஊர்ல ஆடின்னா கொடை, சென்னையில ஆடின்னா துணிக்கடை.

ஃபெஸ்டிவலுக்கு உள்ள சாப்பாடு தான் உக்காந்திருக்குன்னு தெரிஞ்சதும் எனக்கு நாசரேத் பக்கத்துல இருந்து வந்த ஒரு காலேஜ் ஃபிரண்டு ஞாபகம் வந்தா. வருஷா வருஷம் "எங்க கோயில் அசனத்துக்கு வா"ன்னு கூப்பிடுவா. திருநெல்வேலி, தூத்துக்குடி சிஎஸ்ஐ கிறிஸ்தவக் கோயில்கள்ல அசனம்னா ஊர் மொத்தமும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுறது, பிரதிஷ்டைப் பண்டிகைக்கு அதைச் சேர்த்து வைப்பாங்க. அசனம்னா சோறு, அவ்ளோதான் அர்த்தம். ஒரு தடவை போனேன், பந்தல் நெடுக வரிசையா உக்கார வச்சு, அண்டாவுல இருந்து வாளியில அள்ளிட்டு வந்து போட்டுக்கிட்டே போறாங்க, யாரு என்னன்னு ஒருத்தரும் கேக்கல. நாகூர் தர்காவுல 14 நாள் நடக்குதே கந்தூரி, கொடியேத்தி, நாகப்பட்டினத்துல இருந்து சந்தனக்கூடு ஊர்வலமா வந்து, அந்தக் கந்தூரியும் இதே குடும்பம் தான். பாரசீகத்துல கந்தூரின்னா சாப்பாடு பரிமாற விரிக்கிற துணி. துணியை விரிச்சாச்சு, வந்து உக்காருங்கங்கிறது தான் பேரே. ஃபீஸ்ட், அசனம், கந்தூரி, எங்க கோயில் படைப்பு, நாலும் நாலு திசையில இருந்து வந்த சொல்லுங்க, வந்து நிக்கிற இடம் இலைக்கு முன்னால.

சங்கப் பாட்டுல விழாவுக்கு விழவுன்னு பேரு. விழைவு, அதாவது ஆசைப்படுறது, அதுல இருந்து வந்துச்சுன்னு சொல்றவங்க உண்டு. கூடவே இன்னொரு சொல்லும் இருக்கு, சாறு. இன்னைக்கு சாறுன்னா பழச்சாறு, கரும்புச்சாறு தான் நமக்கு, அன்னைக்கு சாறுன்னா திருவிழாவும் தான். புறநானூறு 82ஆம் பாட்டு, சாத்தந்தையார் பாடினது, ஏழே வரி தான், "சாறு தலைக்கொண்டெனப் பெண்ஈற்று உற்றென"ன்னு ஆரம்பிக்கும். ஊர்ல திருவிழா வந்துடுச்சு, வீட்டுல பொண்டாட்டிக்குப் பிரசவ வலி, வெளியில மழை பெய்யுது, பொழுது சாயுது, அந்த மனுஷன் ஒரு கட்டிலுக்கு வார் பின்னிக்கிட்டு இருக்கான், முடிச்சுக் குடுத்துட்டுப் போகணும், அவன் கையில இருக்கிற ஊசி என்ன வேகத்துல போகும்! அந்த வேகத்துல நடந்துச்சாம் சோழன் கோப்பெருநற்கிள்ளி போட்ட சண்டை. சண்டையை விடுங்க, அந்த ஊசியைப் பாருங்க. தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி தையல் கடையில மிஷின் ஓடுற சத்தம் கேட்டிருக்கீங்கல்ல, காஜா எடுக்க ஒரு பையன், பட்டன் வைக்க ஒரு பையன், வாசல்ல சட்டைக்காக நிக்கிற கூட்டம், அந்த டெய்லர் வீட்டுப் பிள்ளைங்களுக்கு அவர் எப்ப தச்சுக் குடுப்பாரோ. ரெண்டாயிரம் வருஷமா ஊருக்கெல்லாம் திருவிழா ஆக்கித் தர்ற கை ஓயல.

அதே பாட்டுல அந்தக் கட்டில் பின்னுறவனை இழிசினன்னு தான் சொல்லியிருக்கு. அந்தச் சொல்லைத் தாண்டிப் போக எனக்கு மனசு வரல. விழாவுக்கு உழைக்கிறவனை அந்த ஊரு எந்தப் பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்கு பாருங்க. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில தேர் வடத்தைத் தொடுறதுக்கு எல்லாருக்கும் உரிமை வேணும்னு போராட்டம், கோர்ட்டு கேஸுன்னு போய், வருஷக்கணக்கா தேர் ஓடாமலே நின்னு, 2024ல தான் மறுபடி ஓடுச்சு. வடம் பிடிக்கிறதுன்னா வெறும் கயிறு இழுக்கிறது இல்ல, நானும் இந்த ஊருன்னு சொல்றது. அதைத் தடுக்கிறவங்களுக்கும் அது நல்லா தெரியும், அதனால தான் தடுக்குறாங்க.

விழவு அயர்தல்னு ஒரு வழக்கு, எனக்கு அந்த அயர்தல் மேல தனிப் பிரியம். விழா அயர்ந்தாங்க, கூத்து அயர்ந்தாங்க, விருந்து அயர்ந்தாங்கன்னு பழைய பாட்டுல வரும், நடத்துறது, ஆடுறதுன்னு அர்த்தம். இன்னைக்கு நமக்கு அயர்ச்சின்னா களைப்பு, அயர்ந்து தூங்கிட்டான்னு சொல்றோம். கொடை முடிஞ்ச மறுநாள் காலையில எங்க ஊர்ப் பந்தலுக்குள்ள வந்து பாருங்க, மணல்ல துண்டை விரிச்சு ஊரே கவுந்து கிடக்கும், கையில இன்னும் மஞ்சத்தண்ணிக் கறை, ஒருத்தன் மேல ஒருத்தன் காலைப் போட்டுக்கிட்டு. அங்க நின்னு பார்த்தா ரெண்டு அயர்தலும் ஒண்ணு தான்.

அகநானூறு 141ல நக்கீரர் கார்த்திகை விளக்கைப் பாடியிருக்கார். முழு நிலா, அறுமீன், அதாவது கார்த்திகை நட்சத்திரம், அதோட சேர்ற ராத்திரி, தெருவெல்லாம் விளக்கு வச்சு மாலை தொங்கவிட்டு ஊர்ச்சனம் நெருங்கிக் கூடியிருக்கு. பாடுறவளோட ஆளு பொருள் தேடி தூர தேசம் போயிருக்கான். அவ சொல்றா, "விழவு உடன் அயர வருகதில் அம்ம". இந்த விழாவை எங்களோட சேர்ந்து கொண்டாட அவன் வந்துட மாட்டானா. உடன்னு ஒரு சொல்லு இருக்கே, அதைத் தனியா எடுத்து வச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தேன். அவளுக்கு விளக்கு இருக்கு, நிலா இருக்கு, ஊரே இருக்கு, உடன் இல்ல. அப்பா கல்யாணத்துக்கு முன்னாடி பம்பாய் தாராவியில இருந்தவர், அந்த வருஷங்கள்ல ஆச்சி போட்ட இன்லேண்ட் லெட்டர் ஒண்ணு ரெண்டு இன்னும் வீட்டுல இருக்கு, எழுதத் தெரியாது அவளுக்கு, பக்கத்து வீட்டுப் பிள்ளையை வச்சு எழுதினது, அதுல கொடை தேதி சொல்லி "நீ எப்ப வாரே"ன்னு ஒரு வரி. நக்கீரர் எழுதினதும் அது தான்.

இதெல்லாத்தையும் விட என்னை அசைச்சது மயிலாப்பூர்ப் பதிகம். 7ஆம் நூற்றாண்டு, திருஞானசம்பந்தர். பூம்பாவைங்கிற பொண்ணு பூப்பறிக்கப் போன இடத்துல பாம்பு கடிச்சு செத்துப் போயிட்டா, அவ அப்பா, சிவநேசர்ங்கிற வணிகர், அவ சாம்பலையும் எலும்பையும் குடத்துல போட்டு பத்திரமா வச்சிருந்தார், சம்பந்தர் வந்து கபாலீச்சரத்துல பாடி அவளை எழுப்பினார்னு பெரியபுராணம் சொல்லுது. நம்புறதும் நம்பாததும் அவங்கவங்க இஷ்டம், நான் சொல்ல வர்றது அவர் என்ன பாடினார்ங்கிறதைப் பத்தி. செத்துப் போனவளை எழுப்ப அவர் மந்திரம் சொல்லல, சொர்க்கம் நரகம்னு தத்துவம் பேசல. ஊர்த் திருவிழாக்களை ஒண்ணொண்ணா எண்ணிச் சொல்றார். ஐப்பசி ஓணம் பார்க்காம போறியாம்மா, கார்த்திகை விளக்கீடு பார்க்காம போறியா, ஆதிரை பார்க்காம போறியா, நெய் ஊத்தின புழுக்கல் படைச்சுப் பொண்ணுங்க கொண்டாடுற தைப்பூசம் பார்க்காம போறியா, மாசிக் கடலாட்டு பார்க்காம போறியா. முதல் பத்து பாட்டும் "காணாதே போதியோ பூம்பாவாய்"னு தான் முடியும். பங்குனி உத்திரத்துக்கு வர்றப்ப மலிவிழா, கலிவிழா, பலிவிழா, ஒலிவிழான்னு ஒரே பாட்டுல நாலு விழா, மேளம் கிட்ட வர்ற மாதிரியே இருக்கும், வாய் விட்டுச் சொல்லிப் பாருங்க. சென்னையில இருக்கிறவங்க அறுபத்து மூவர் அன்னைக்கு மயிலாப்பூர் மாட வீதியில நின்னு அந்தப் பாட்டைச் சொல்லிப் பாருங்க, அதே பங்குனி, அதே கபாலீசுவரர், கூட்டத்துல மூச்சு முட்டும். அப்பா தவறினதுக்கு அப்புறம் வந்த அறுபத்து மூவருக்கு நான் தனியா தான் போயிருந்தேன், அப்ப இந்த வரி மனசுல வந்து நின்னுச்சு, ஒரு ஓரமா சுவத்துல சாய்ஞ்சு நின்னு அழுதேன். கொடைக்கு ஒரு மாசம் இருக்கிறப்ப போனவர் அவர்.

அந்தப் பதிகத்துல இன்னொரு சொல்லும் கிடக்கு, கொண்டாடும். தையலார் கொண்டாடும் விளக்கீடு, நேரிழையார் கொண்டாடும் தைப்பூசம். ஆயிரத்து முந்நூறு வருஷம் தாண்டியும் நாம அதே சொல்லைத் தான் சொல்றோம், தீபாவளி கொண்டாடினீங்களான்னு. நாளை மட்டும் கொண்டாடுறது இல்ல நாம, ஆளையும் கொண்டாடுவோம், மருமகளைக் கொண்டாடுறாங்கன்னு சொல்வோம். உறவு கொண்டாடுறதுன்னு சொல்வோம், சொந்தம் கொண்டாடுறதுன்னு சொல்வோம், அதுல கொஞ்சம் சண்டை வாடையும் அடிக்கும், இது என்னது, எனக்கும் இதுல பங்கு இருக்குன்னு. அந்தச் சண்டைக்கு தான் வர்றேன்.

கொடை எப்படி நடக்கும்னு தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். எட்டு நாளைக்கு முன்னால கால்நாட்டு. பந்தக்கால்ல மாவிலை கட்டி நட்டுட்டாங்கன்னா ஊருக்கு வேற முகம் வந்துடும், சுவருக்கு வெள்ளையடிப்பாங்க, தெருவைக் கூட்டி தண்ணி தெளிப்பாங்க. மணிமேகலையில விழாவறை காதையில முரசு அறைஞ்சு சொல்றவன் இதைத் தான் சொல்வான், வாழை நடுங்க, கரும்பு நடுங்க, பழைய மணலை மாத்திப் புது மணல் போடுங்க, அப்புறம், பகையாளியா இருந்தாலும் அவங்களோட சண்டை சச்சரவு செய்யாம விலகிப் போங்கன்னு. 28 நாள் இந்திர விழாவுக்கு அந்த அறிவிப்பு. அந்த விழாவை, புள்ளையைத் தொலைச்ச துக்கத்துல சோழ ராஜா மறந்துட்டான்னு தான் புகாரைக் கடல் கொண்டுச்சுன்னு அதே காப்பியம் சொல்லுது. எங்க ஊர்ப் பெருசுங்களும் அப்படித் தான், கொடை ஒரு வருஷம் நின்னுச்சுன்னா மழை பொய்க்கும்பாங்க.

கொடைக்கு முந்தின ராத்திரி குடியழைப்பு. வில்லுப்பாட்டு தொடங்கும். பெரிய வில்லு, அதுல வரிசையா மணி, புலவர் வீசுகோலால நாணைத் தட்ட, பக்கத்துல ஒருத்தர் குடத்து வாயில பத்திங்கிற மட்டையால அடிக்க, உடுக்கும் ஜால்ராவும் சேர்ந்துக்கும். சுடலை எப்படிப் பொறந்தார், கைலாசத்துல இருந்து எப்படிக் கிளம்பினார், எந்தெந்த ஊர் வழியா வந்தார், எங்க ஊருக்கு எப்படி வந்து நிலை நின்னார்னு பாடிக்கிட்டே போவாங்க. சாமியை இங்க வரச் சொல்லிப் பாடுறதுக்கு வரத்துப் பாட்டுன்னு பேரு. வரத்து வர்றப்ப தாளம் இறுகும், மேளமும் சேர்ந்துக்கும், அதுவரைக்கும் சும்மா கை கட்டி நின்ன சாமியாடிக்கு முதல்ல கால் பெருவிரல் ஆடும், அப்புறம் தொடை, அப்புறம் ஒரு சத்தம். சின்னப் பிள்ளையில ஆச்சி முந்தானைக்குள்ள முகத்தைப் புதைச்சுக்கிட்டு ஒரு கண்ணால பார்ப்பேன். குடியழைப்பு, வரத்து, "எப்ப வாரே", எல்லாமே கூப்பிடுற சொல்லுங்க. சாமியும் வெளியூர்ல இருந்து தான் வரணும், சனமும் வெளியூர்ல இருந்து தான் வரணும்.

இதுக்கெல்லாம் காசு, வரி. தலைக்கட்டு வரி. கல்யாணம் ஆன ஒவ்வொரு ஆம்பளையும் ஒரு தலைக்கட்டு, ஒரு தலைக்கட்டுக்கு இவ்வளவுன்னு கூட்டம் போட்டுப் பேசி நோட்டுல எழுதி வாங்குவாங்க. வரி குடுத்த வீட்டுக்குப் படைப்புல பங்கு வரும், கெடா வெட்டினா கறி, பொங்கல், தேங்கா மூடி, பழம். வரியும் நன்கொடையும் வேற வேற. நன்கொடை யார் வேணும்னாலும் குடுக்கலாம், டவுன்ல இருக்கிற பாத்திரக்கடைக்காரர் குடுக்கலாம், கட்சிக்காரர் குடுக்கலாம், மைக்ல பேர் வாசிப்பாங்க, நோட்டீஸ்ல போடுவாங்க. வரி அப்படி இல்ல. ஒருத்தனை ஊர்ல இருந்து ஒதுக்கணும்னா ஒரு வார்த்தை திட்ட வேண்டாம், அவன்கிட்ட வரி வாங்காம விட்டாப் போதும். அப்பா தாராவியில இருந்தப்ப கூட மணியார்டர்ல வீட்டு வரியை அனுப்பிடுவார், மில்லு வேலைக்கு ஊருக்கே வந்தப்புறம் மொத வரி எங்க வீட்டு வரியா இருக்கணும் அவருக்கு.

எங்க வீட்டுல நாங்க ரெண்டு பொண்ணு, ஆம்பளப் பிள்ளை கிடையாது. அப்பா தவறின வருஷம் துட்டி வீடு, கொடைக்குப் போகல. அதுக்கு அடுத்த வருஷம் போனப்ப தான் தெரிஞ்சுச்சு, நோட்டுல எங்க வீடு இல்ல. அப்பா பேருக்கு நேரா ஒரு கோடு. அம்மாகிட்ட வரி கேக்கவே இல்லையாம், ஆம்பள இல்லாத வீடு, பாவம்னு விட்டுட்டாங்களாம். அதை ஒரு சலுகை மாதிரி தான் எல்லாரும் சொன்னாங்க, அம்மாவும் அப்படித் தான் சொன்னா. மறுநாள் படைப்பு முடிஞ்சு வீடு வீடா பங்கு போச்சு. எங்க வீட்டு வாசலைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போச்சு. அப்புறம் பொழுது சாயுறப்ப யாரோ ஒரு பையன் ஒரு இலையில கொஞ்சம் பொங்கல் கொண்டு வந்து குடுத்துட்டு, "சும்மா குடுக்கச் சொன்னாவ"ன்னு சொல்லிட்டுப் போனான். அம்மா அதை வாங்கி உள்ள வச்சா. அவ சாப்பிட்டதை நான் பார்க்கல.

நோட்டு வச்சிருந்தவர் அப்பாவோட பங்காளி, எனக்குச் சித்தப்பா முறை, நான் சின்னதுல அவர் தோள்ல உக்காந்து வில்லுப்பாட்டு பார்த்திருக்கேன். அவர்கிட்ட போய் வரி குடுத்தேன். சிரிச்சுக்கிட்டே வாங்க மாட்டேன்னுட்டார், ஒன்னைக் கட்டிக் குடுத்தாச்சுல்லான்னு. அடுத்த வருஷமும் அதே தான். போன வருஷம் அந்த லீவு போட்டுப் போனேன்ல, அப்ப குடியழைப்பு ராத்திரி, பந்தல் ஓரமா டேபிள் போட்டு ட்யூப் லைட்டுக்குக் கீழ நோட்டை விரிச்சு வச்சு உக்காந்திருந்தார், நான் நேரா போய் முன்னால நின்னேன்.

"ஏளா, ஒன் மாப்பிள்ளை ஊருல ஒங்களுக்கு வரி இருக்கும்லா. ஒரு ஆளுக்கு ரெண்டு எடத்துல எப்படி எழுத?"

"எம்பேருல எழுத வேண்டாம் சித்தப்பா. எங்க வீட்டுக்கு எழுதுங்க. வீடு இங்க தான இருக்கு, அம்மா அதுல தான இருக்கா."

"நன்கொடைன்னு எழுதிருதேன்ளா. மைக்குல மொத ஆளா ஒம்பேர வாசிக்கச் சொல்லுதேன்."

"மைக்கு வேண்டாம் சித்தப்பா. நோட்டு போதும்."

அவர் பதில் சொல்லல. வில்லுல வரத்து ஆரம்பிச்சிருந்துச்சு, பேச்சு கேக்கவும் இல்ல. கூட இருந்த ரெண்டு பேரைப் பார்த்தார், ஒருத்தர் வேற பக்கம் திரும்பிக்கிட்டார், இன்னொருத்தர் தலையை ஆட்டுனாரா இல்ல மேளத்துக்கு ஆடுச்சான்னு தெரியல. சித்தப்பா நோட்டைப் பின்னால புரட்டி, நாலு வருஷத்துக்கு முந்தின பக்கத்துல அப்பா பேரைத் தேடி அதுல விரலை வச்சுக்கிட்டு, மறுபடி இந்த வருஷப் பக்கத்துக்கு வந்தார். பேனா எழுதல. உள்ளங்கையில ரெண்டு கிறுக்கு கிறுக்கிப் பார்த்தார், மை வந்துச்சு. அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, மேளச் சத்தத்துக்கு மேல கத்திக் கேட்டார்.

"மதினிக்கு முழுப்பேரு என்னளா?"

நாப்பத்தஞ்சு வருஷமா எங்க அம்மாவை அவருக்குத் தெரியும். குனிஞ்சு அவர் காதுல சொன்னேன்.